ஜெபத்தில் உட்கார்ந்தால் ரீல்ஸ் ஓடுகிறது

கேள்வி: எனக்கு வயது 43. இரட்சிக்கப்பட்டு இருபது வருஷத்துக்கு மேலாகிறது. ஞாயிறு பள்ளியில் பாடம் எடுக்கிறேன். சினிமா, சீரியல் எதுவும் பார்ப்பதில்லை. போனில் பார்ப்பதெல்லாம் பிரசங்கத் துண்டுகள், சாட்சிகள், ஆராதனைப் பாடல்கள், கடைசிக்காலச் செய்திகள், கொஞ்சம் உலகச் செய்தி, அவ்வளவுதான். ஆனாலும் ஒரு வருஷமாக ஜெபத்தில் ஐந்து நிமிஷம் உட்கார முடியவில்லை. கண்ணை மூடினால் கடைசியாகப் பார்த்த வீடியோ ஓடுகிறது. கமெண்டில் யாரோ போட்ட சண்டை ஓடுகிறது. செய்தியில் பார்த்த ஒரு கொலைக் காட்சி மாதக்கணக்கில் திரும்பத் திரும்ப வருகிறது. எவ்வளவு கடிந்துகொண்டாலும் போகவில்லை. எங்கள் போதகரின் பிரசங்கம் இப்போதெல்லாம் சப்பென்று இருக்கிறது. சபையில் யாரிடமும் உண்மையான அன்பு இல்லை என்று தோன்றுகிறது. என் கணவர், "நல்லதைத்தானே பார்க்கிறாய், பிலிப்பியர் 4:8-ல் சொன்ன மாதிரிதானே இருக்கிறாய், இதில் என்ன தப்பு?" என்கிறார். இது பிசாசின் போராட்டமா? போனைத் தூக்கிப் போட்டுவிடவா? இந்த நிலையில் பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பது மாய்மாலம் இல்லையா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

போனைத் தூக்கிப் போட வேண்டாம். ஏன் என்று பிறகு சொல்கிறேன். முதலில் உங்கள் கணவரின் கேள்வியை எடுத்துக்கொள்வோம். சிக்கலின் முடிச்சு அதில்தான் இருக்கிறது.

அவர் சொல்வது பாதி சரி. நீங்கள் பார்ப்பவை பெரும்பாலும் கெட்டவை இல்லை. ஆனால் நம் சபைகளில் ஊடகம் என்று பேச்சு வந்தாலே "என்ன பார்க்கிறாய்?" என்ற ஒரே கேள்வியோடு நின்றுவிடுகிறோம். எப்போது பார்க்கிறாய், எவ்வளவு வேகத்தில் பார்க்கிறாய், ஒன்று முடிந்த அடுத்த நொடியில் உன் விரல் என்ன செய்கிறது என்று யாரும் கேட்பதில்லை. மனமோ பார்த்த பொருளோடு பார்த்த விதத்தையும் சேர்த்தே பழகிக்கொள்கிறது. ஒரு நாளில் ஒரு மணி நேரம், நிமிஷத்துக்கு ஒரு முறை அடுத்ததுக்குத் தாவிக்கொண்டே இருந்தால், மனம் தாவுவதில் தேர்ச்சி பெறுகிறது. அந்த அறுபது துண்டுகளும் பரிசுத்தமானவையாகவே இருக்கட்டும். பழக்கம் என்னவோ தாவுவதுதான். ஜெபத்துக்குத் தேவையானது தங்கும் மனம். காலையில் முழங்கால் போட்டவுடன் அது எங்கிருந்து வரும்?

ஸ்கின்னர் என்ற உளவியலாளர் புறாக்களையும் எலிகளையும் வைத்துச் செய்த சோதனைகள் எங்கள் துறையில் பாலபாடம். ஒவ்வொரு முறை கொத்தும்போதும் தீனி கிடைத்தால், தீனி நின்றதும் பறவை கொத்துவதைச் சீக்கிரம் விட்டுவிடும். எப்போது கிடைக்கும் என்று தெரியாதபடி சில முறை மட்டும் கொடுத்தால், விடாமல் கொத்திக்கொண்டே இருக்கும். உங்கள் திரையில் நடப்பதும் இதுதான். ஒரு துண்டு மனதைத் தொடுகிறது; அடுத்த நான்கு சும்மா போகின்றன; அதற்கடுத்தது கண்ணீரை வரவழைக்கிறது. அந்தக் கண்ணீர் உண்மையானது, அதை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் அது எப்போது வரும் என்று தெரியாததால்தான் உங்கள் விரல் நிற்கவில்லை. முன்பெல்லாம் ஒரு பக்கம் முடிந்தால் அடுத்த பக்கத்தை நாமாக அழுத்த வேண்டியிருந்தது; போதும் என்று எழுந்து போக அதுவே ஒரு வாய்ப்பு. 2006-ல் அசா ராஸ்கின் என்ற வடிவமைப்பாளர், முடிவே இல்லாமல் தானாக நீளும் பக்கத்தை உருவாக்கினார். அதற்காகப் பின்னாளில் வெளிப்படையாகவே வருத்தம் தெரிவித்தார். நிறுத்தும் இடம் போய்விட்டது. நிறுத்த முடியாததை உங்கள் ஆவிக்குரிய பலவீனம் என்று மட்டும் நினைத்துக்கொள்ளாதீர்கள்; நிறுத்தாமல் இருப்பதற்காகவே செய்யப்பட்ட பொருள் அது.

இனி ஜெபத்துக்கு வருவோம். காலையில் எழுந்ததும் வேத வசனம் பார்க்கத்தான் போனை எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வசனத்துக்கு மேலே ஒரு நோட்டிபிகேஷன் நிற்கிறது. திறக்கிறீர்கள். சபைக் குழுவில் ஒரு விவாதம். பாதி படித்ததும், "சரி, முதலில் ஜெபம்" என்று போனை வைத்துவிட்டு முழங்கால் போடுகிறீர்கள். ஒரு வேலையைப் பாதியில் விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போகும்போது, கவனத்தில் ஒரு பகுதி பழைய வேலையிலேயே தங்கிவிடுகிறது என்று சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009-ல் காட்டினார். அலுவலக வேலையைப் பற்றிய ஆய்வுதான் அது. ஆனாலும் ஜெப அறைக்கு அப்படியே பொருந்துகிறது. சரீரம் முழங்காலில் இருக்கிறது. கவனத்தில் பாதி அந்த விவாதத்தில் பதில் எழுதிக்கொண்டிருக்கிறது.

இதைக் கண்டுபிடிக்க ஆய்வகம்கூடத் தேவைப்படவில்லை. எகிப்தின் பாலைவனத் துறவிகளிடம் கற்று, ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதை மேற்கே கொண்டுபோய் எழுதிவைத்த யோவான் காசியன் சொல்வது ஏறக்குறைய இதுதான்: ஜெபத்துக்கு முன் மனம் எதில் இருந்ததோ அதுதான் ஜெபத்திலும் வந்து நிற்கும், ஆகவே ஜெபத்தில் எப்படி இருக்க விரும்புகிறோமோ, அப்படி ஜெபத்துக்கு முன்பே ஆகிவிட வேண்டும். மனம் தண்ணீரால் சுழலும் மாவு ஆலை மாதிரி என்றும் சொல்கிறார். ஆலையை நிறுத்த முடியாது. ஆனால் கோதுமை போடுவதா, களை விதை போடுவதா என்பது ஆலைக்காரன் கையில் இருக்கிறது. ஜெபத்தில் சிந்தனை சிதறுவது உங்கள் போனோடு பிறந்த நோய் இல்லை. திரை, மின்சாரம், மனித சந்தடி எதுவுமே இல்லாத இடத்தில் வாழ்ந்தவர்களுக்கே இருந்திருக்கிறது. அதனால் தேவன் உங்களைவிட்டுப் போய்விட்டார் என்ற முடிவுக்கு வந்துவிட வேண்டாம்.

நல்லதுகூட இழுக்கும் என்பதற்கு ஆதித் திருச்சபையின் ஆயர் அகஸ்டினையும் கூப்பிடலாம். நாய் முயலைத் துரத்தும் காட்சியைப் பார்க்க வேடிக்கை அரங்குக்குப் போவதை அவர் விட்டுவிட்டார். ஆனால் வயல் வழியாகப் போகும்போது தற்செயலாக அதே துரத்தல் கண்ணில் பட்டால், ஆழ்ந்த சிந்தனையிலிருந்துகூடத் தன் மனம் அதன் பின்னால் ஓடிவிடுகிறது என்று தேவனிடமே ஒப்புக்கொள்கிறார். வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது பல்லி ஈ பிடிப்பதும், சிலந்தி தன் வலையில் பூச்சியைச் சுற்றிக் கட்டுவதும்கூடத் தன்னை இழுக்கின்றனவாம். இவற்றைப் பார்த்துச் சிருஷ்டிகரைத் துதிக்கிறேன், ஆனால் பார்க்கத் தொடங்கியது துதிப்பதற்காக இல்லையே என்று எழுதுகிறார். 1,600 வருஷத்துக்கு முந்தைய அந்த நேர்மை எனக்கு மிகவும் பிடிக்கும். பல்லியில் பாவம் ஒன்றும் இல்லை என்று அவருக்குத் தெரியும். தன்னைக் கேட்காமலேயே தன் கவனம் எழுந்து போகிறதே என்பதுதான் அவர் கவலை. உங்கள் கடிதத்திலும் அந்தக் கவலையைத்தான் பார்க்கிறேன்.

"இது பிசாசின் போராட்டமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஆவிக்குரிய போராட்டம் இல்லவே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கொலைக் காட்சியை நீங்கள் கடிந்துகொள்ளும் விதம் அதற்குத் தீனி போடுகிறது என்று சந்தேகிக்கிறேன். 1987-ல் டேனியல் வெக்னரும் அவருடைய சகாக்களும் ஒரு சோதனை செய்தார்கள். ஐந்து நிமிஷம் ஒரு வெள்ளைக் கரடியை நினைக்கவே கூடாது, நினைவு வந்தால் மணியை அடிக்க வேண்டும் என்று மாணவர்களிடம் சொன்னார்கள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அப்புறம், "இப்போது நினைக்கலாம்" என்று சொன்னபோது, முதலிலிருந்தே நினைக்கச் சொல்லப்பட்டவர்களைவிட இவர்களுக்குக் கரடி அதிகமாக வந்தது. ஒன்றை விரட்டிக்கொண்டே இருக்க வேண்டுமானால், அது வந்துவிட்டதா என்று மனம் எட்டிப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். எட்டிப் பார்ப்பதே அதைக் கூட்டிவந்துவிடுகிறது. உங்கள் ஜெப நேரம் முழுக்க அந்தக் காட்சியோடு மல்லுக்கட்டுவதிலேயே போகிறது என்றால், அந்த நேரத்தின் மையத்தில் இருப்பது அந்தக் காட்சிதான்.

ஆகவே விரட்டாதீர்கள். அது வரும்போது, அதில் இறந்துபோனவரின் வீட்டாருக்காக ஒரே ஒரு வரி ஜெபியுங்கள். "கர்த்தாவே, அந்தக் குடும்பத்தைத் தேற்றும்." அவ்வளவு போதும். நீட்ட வேண்டாம். அப்புறம் விட்ட இடத்துக்குத் திரும்புங்கள். மறுபடி வந்தால் மறுபடி அதே ஒரு வரி. கமெண்ட் சண்டை நினைவுக்கு வந்தால், சண்டை போட்ட இருவருக்காகவும் ஒரு வரி. பார்த்த வீடியோ ஓடினால், "இதுவும் உமக்கு முன் இருக்கிறது" என்று சொல்லிவிட்டுத் திரும்புங்கள். பத்து நிமிஷத்தில் இருபது முறை திரும்ப வேண்டியிருந்தால், இருபது முறை தேவனிடம் திரும்பியிருக்கிறீர்கள். அதைத் தோல்வி என்று எழுதிவைக்காதீர்கள். ஒன்று மட்டும் கவனியுங்கள். அந்தக் காட்சியோடு சேர்ந்து தூக்கம் கெடுகிறது, சின்னச் சத்தத்துக்கும் திடுக்கிடுகிறீர்கள், சில இடங்களுக்குப் போகவே பயப்படுகிறீர்கள் என்றால், அது ஜெப வாழ்க்கைப் பிரச்சினை என்ற எல்லையைத் தாண்டிவிட்டது. ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். மருத்துவரிடம் போவது விசுவாசக் குறைவு இல்லை.

சபையில் அன்பு இல்லை என்று தோன்றுவதாக எழுதியிருந்தீர்கள். அந்த வரியை நான் இரண்டாம் முறை படித்தேன். நான்காம் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த எவாக்ரியுஸ் என்ற துறவி, மத்தியான வேளையில் துறவிகளைப் பிடிக்கும் ஒரு சலிப்பைப் பற்றி எழுதியிருக்கிறார். சூரியன் நகராமல் நிற்பதாக, பகலுக்கு ஐம்பது மணி நேரம் ஆகிவிட்டதாக அந்தத் துறவிக்குத் தோன்றுமாம். ஜன்னலையே பார்ப்பான். வெளியே வந்து, சாப்பாட்டு நேரத்துக்கு இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று சூரியனைப் பார்ப்பான். யாராவது சகோதரன் வருகிறானா என்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்ப்பான். அப்புறம் தன் அறை பிடிக்காது, செய்யும் வேலை பிடிக்காது. சகோதரர்களிடையே அன்பு அற்றுப்போய்விட்டது, ஆறுதல் சொல்ல ஒருவரும் இல்லை என்று தோன்றும். வேறு இடத்துக்குப் போனால் தேவனை நன்றாகச் சேவிக்கலாமே என்றும் தோன்றும். ஜன்னலைப் பார்க்கும் அந்தத் துறவி இன்று எதைப் பார்ப்பான் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

எவாக்ரியுஸின் கூர்மை இதில்தான். அன்பு இல்லை என்ற எண்ணத்தை அவர் சபையைப் பற்றிய செய்தியாக எடுத்துக்கொள்வதில்லை. சலிப்பின் அறிகுறியாக எடுத்துக்கொள்கிறார். உங்கள் சபையில் குறைகள் இருக்கலாம், எல்லாச் சபையிலும் இருக்கின்றன. ஆனால் ஒரு வருஷத்துக்கு முன் அதே மனிதர்கள், அதே குறைகளோடு, உங்களுக்கு இப்படித் தெரியவில்லை. இடையில் மாறியது அவர்களா என்று யோசித்துப் பாருங்கள்.

போதகரின் பிரசங்கம் சப்பென்று இருப்பதற்கும் இதற்கும் தொடர்பு உண்டு. நீங்கள் பார்க்கும் துண்டுகள், யாரோ ஒருவர் ஒரு மணி நேரம் பேசியதில் மிகச் சூடான ஒரு நிமிஷத்தை வெட்டி, பின்னணி இசை சேர்த்து, எழுத்து ஓடவிட்டு வைத்தவை. அப்படிப்பட்ட முப்பது நிமிஷங்களைப் பார்த்துவிட்டு வருகிறவருக்கு, இருமிக்கொண்டே எரேமியாவை வசனம் வசனமாக விளக்கும் ஒருவர் சப்பென்றுதான் இருப்பார். 1956-ல் ஹார்ட்டன், வோல் என்ற இருவர், தொலைக்காட்சியில் தோன்றுகிறவரோடு பார்வையாளருக்கு உண்டாகும் ஒருபக்க நெருக்கத்தைப் பற்றி எழுதினார்கள். அவர் நம் கண்ணைப் பார்த்தே பேசுகிறார், நம்மைத் தெரிந்தவர்போல் இருக்கிறார். ஆனால் அவருக்கு நாம் இருப்பதே தெரியாது. திரையில் வரும் ஊழியரால் உங்களுக்கு நன்மை கிடைத்திருந்தால் அதற்காக ஸ்தோத்திரம் சொல்லுங்கள். ஆனால் நீங்கள் ஆஸ்பத்திரியில் படுத்தால் பார்க்க வருகிறவர் அந்த இருமல்காரர்தான். இருவரையும் ஒரே தராசில் வைப்பது நியாயமே இல்லை.

கடைசிக்காலச் செய்திகளைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். "இதைத் தள்ளிவிட்டுப் போகாதே, இது உனக்கான தீர்க்கதரிசனம்", "விசுவாசித்தால் ஆமென் என்று டைப் பண்ணு", "ஏழு பேருக்கு அனுப்பினால் இன்றே அற்புதம்" என்றெல்லாம் வருகிறதே, அதைச் செய்கிறவர்களில் சிலர் நல்ல மனதோடு செய்யலாம். ஆனால் விளைவு ஒன்றே. தள்ளிவிட்டால் ஆசீர்வாதம் போய்விடுமோ என்ற பயத்தில் விரல் நிற்கிறது. நின்றால் கணக்கில் ஏறுகிறது. கணக்கில் ஏறினால் அதே மாதிரி இன்னும் பத்து வருகிறது. இதை விசுவாசம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தைரியமாகத் தள்ளிவிட்டுப் போங்கள். ஒன்றும் ஆகாது. தேதி சொல்லி நடக்காமல்போன தீர்க்கதரிசனங்களை எத்தனை பார்த்திருப்பீர்கள்! நடக்காததைச் சொன்ன தீர்க்கதரிசியைப் பற்றி உபாகமம் 18:22 சொல்வது, "அவனுக்கு நீ பயப்படவேண்டாம்" என்பதுதான்.

பயமும் கோபமும் பரவுவதற்குக் காரணம் இருக்கிறது. ட்விட்டரில் 5 லட்சத்துக்கும் அதிகமான பதிவுகளை எடுத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2017-ல் வந்தது. அரசியல் விவாதப் பதிவுகள் அவை. நியாய உணர்வையும் கொதிப்பையும் சேர்த்துக் கிளப்பும் சொல் ஒவ்வொன்று கூடும்போதும், அந்தப் பதிவு பரவுவது ஏறக்குறைய 20 சதவீதம் கூடியது. கொதிக்கும் பதிவுதான் அதிகம் போய்ச் சேர்கிறது என்றால், நம் கைக்கு வந்துசேரும் உலகம் எப்படி இருக்கும்? ஜார்ஜ் கெர்ப்னரும் அவருடைய குழுவினரும் தொலைக்காட்சிக் காலத்திலேயே இதைக் கவனித்தார்கள். அதிக நேரம் பார்க்கிறவர்கள், உலகம் உள்ளதைவிட ஆபத்தானது, மனிதர்களை நம்ப முடியாது என்று நினைக்கும் போக்கு அதிகமாகத் தெரிந்தது. ஒரு கூற்றைத் திரும்பத் திரும்பக் கேட்டாலே அது உண்மைபோல் தோன்றத் தொடங்கும் என்பதும் 1977-ல் நடந்த ஒரு சோதனையிலிருந்து பலமுறை உறுதியான விஷயம். கேட்கும்போது நம்பாவிட்டாலும், பத்தாவது முறை கேட்கும்போது, "எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதே, உண்மைதான் போலிருக்கிறது" என்று மனம் சொல்லிவிடும்.

உங்கள் கணவர் சொன்ன பிலிப்பியர் 4:8-ல், எவற்றைச் சிந்திக்க வேண்டும் என்ற பட்டியலைப் பவுல் தொடங்குவதே "உண்மையுள்ளவைகளெவைகளோ" என்றுதான். கிறிஸ்தவத் தலைப்பு போட்டிருக்கிறது என்பதற்காக ஒரு பார்வர்டு அந்தப் பட்டியலுக்குள் வந்துவிடாது. யுத்தச் செய்திகளைப் பற்றி இயேசு சொன்னதும் தெளிவாகவே இருக்கிறது: "கலங்காதபடி எச்சரிக்கையாயிருங்கள், இவைகளெல்லாம் சம்பவிக்கவேண்டியதே, ஆனாலும், முடிவு உடனே வராது." உங்களைக் கலங்கவைப்பதையே தொழிலாகக் கொண்ட ஒரு சேனலை, அவருடைய வருகைக்கு ஆயத்தப்படுகிறேன் என்ற பெயரில் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. உலகச் செய்தி வேண்டும், கண்ணை மூடிக்கொண்டு வாழச் சொல்லவில்லை. நாளுக்கு ஒரு முறை, ஒரு குறிப்பிட்ட நேரத்தில், முடிந்தால் வீடியோவாக இல்லாமல் படித்துத் தெரிந்துகொள்ளுங்கள். எழுத்து அந்தக் கொலைக் காட்சியை உங்கள் கண்ணுக்குள் வைக்காது.

இப்போது போன். ஏன் தூக்கிப் போட வேண்டாம் என்றேன்? மத்தேயு 12-ல் வரும் அந்த வீட்டை நினைத்துப் பாருங்கள். பெருக்கி, ஜோடித்து, வெறுமையாக வைத்திருந்த வீட்டுக்கு, வெளியே போயிருந்த அசுத்த ஆவி வேறு ஏழு ஆவிகளோடு திரும்பி வந்தது. ஆவேசத்தில் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, நாற்பது நாள் போன் உபவாசம் இருந்து, நாற்பத்தோராம் நாள் விடிய விடியப் பார்த்தவர்களோடு பேசியிருக்கிறேன். காலியான நேரத்தில் என்ன இருக்கப்போகிறது என்று முதலில் முடிவு செய்ய வேண்டும். அதனால் சின்னதாகத் தொடங்குங்கள்.

இரவு போனைப் படுக்கை அறைக்கு வெளியே சார்ஜில் போடுங்கள். எழுப்புவதற்கு ஓர் அலாரம் கடிகாரம் வாங்கிக்கொள்ளுங்கள். போன் பக்கத்தில் இருந்தாலே சிந்திக்கும் திறன் குறைகிறது என்று 2017-ல் ஓர் ஆய்வு சொன்னது. பிறகு செய்து பார்த்த எல்லோருக்கும் அதே முடிவு கிடைக்கவில்லை, எனவே நான் அதைப் பிடித்துக்கொண்டு வாதாட மாட்டேன். என் காரணம் எளிமையானது. வேறு அறையில் இருப்பதை எடுக்க எழுந்து போக வேண்டும், அதற்குள் யோசிக்க நேரம் கிடைக்கும். வேதத்தைக் காகிதப் புத்தகத்தில் வாசியுங்கள். வேத செயலி தப்பில்லை. ஆனால் அது இருக்கும் அதே கண்ணாடிக்குள்தான் மற்றதெல்லாம் இருக்கிறது. (சில செயலிகள் நீங்கள் தொடர்ந்து எத்தனை நாள் வாசித்தீர்கள் என்று எண்ணி, பதக்கம் கொடுத்து, ஒரு நாள் தவறினால் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுபோகின்றன. எனக்கு அது சுத்தமாகப் பிடிக்காது. பதக்கத்துக்காக ஒரு அதிகாரத்தை ஓட்டிவிட்டுத் தூங்குகிறவர்கள் நிறைய.)

எழுந்ததும் நேராக முழங்கால் போடாதீர்கள். ஒரு பத்து நிமிஷம் கையால் செய்யும் ஏதாவது வேலையைச் செய்யுங்கள். துணி மடிக்கலாம், செடிக்குத் தண்ணீர் ஊற்றலாம், வீட்டைப் பெருக்கலாம். காதில் எதுவும் ஓட வேண்டாம், ஆராதனைப் பாடல்கூட. காசியன் சொன்ன "ஜெபத்துக்கு முன்" என்பது அந்தப் பத்து நிமிஷம்தான். பிறகு ஒரே ஒரு சங்கீதம், வாய்விட்டு, மெதுவாக. ஒரு வாரம் முழுக்க அதே சங்கீதம். 131-ல் தொடங்குங்கள், மூன்றே வசனம். "பெரிய காரியங்களிலும், எனக்கு மிஞ்சின கருமங்களிலும் நான் தலையிடுகிறதுமில்லை" என்று தாவீது சொல்லும் இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். உலகத்தின் அத்தனை கலவரத்தையும் விடியற்காலையில் தலையில் ஏற்றிக்கொள்கிற நமக்காகவே எழுதிய மாதிரி இருக்கிறது. மொத்தமாக ஏழெட்டு நிமிஷம் போதும். அதற்கு மேல் இப்போதைக்கு முயற்சி செய்யவே வேண்டாம். ஒரு மணி நேரம் ஜெபித்த பழைய நாட்களோடு ஒப்பிட்டுக்கொண்டே இருந்தால் இந்த ஏழு நிமிஷமும் போய்விடும்.

முதல் சில வாரங்கள் சலிப்பாக இருக்கும். ஒன்றுமே நடக்காத மாதிரி, தேவன் பேசாத மாதிரி இருக்கும். துண்டு வீடியோ தந்த உணர்ச்சிக் கொதிப்பை வைத்து தேவனுடைய பிரசன்னத்தை அளந்து பழகியிருக்கிறோம். அந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் அமைதி வெறுமையாகத்தான் தெரியும். எலியாவுக்கும் காற்று, பூமியதிர்ச்சி, அக்கினி எல்லாம் வந்து போன பிறகுதான் அந்த மெல்லிய சத்தம் கேட்டது. எவாக்ரியுஸின் துறவிக்குச் சொல்லப்பட்ட மருந்தும் பெரிதாக ஒன்றுமில்லை: அறையை விட்டுப் போகாதே, உட்கார்ந்திரு.

துண்டுகளுக்குப் பதிலாக வாரத்துக்கு ஒரு முழுப் பிரசங்கம் கேளுங்கள். தொடக்கத்திலிருந்து முடிவு வரை, வேகத்தைக் கூட்டாமல். கேட்டு முடித்ததும் அடுத்ததைத் திறக்காமல், அதில் செய்யச் சொன்ன ஒரு காரியத்தை ஒரு தாளில் எழுதுங்கள். "திருவசனத்தைக் கேட்கிறவர்களாய் மாத்திரமல்ல, அதின்படி செய்கிறவர்களாயும் இருங்கள்" என்று யாக்கோபு எழுதும்போது, கேட்டதாலேயே செய்துவிட்டதாக நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வதைத்தான் குறிப்பிடுகிறார். மன்னிப்பைப் பற்றிய நான்கு துண்டுகளைப் பார்த்து அழுதால், மன்னித்துவிட்ட மாதிரியே ஒரு திருப்தி வருகிறது. யாரை மன்னிக்க வேண்டுமோ அவருக்கு இன்னும் போன் போடவில்லை.

உங்கள் கணவரோடு இதை வைத்து விவாதம் செய்ய வேண்டாம். அவர் கேட்டது நியாயமான கேள்விதான். வீட்டில் மற்றவர்கள் போனைப் பிடுங்குவது, சாப்பாட்டு மேஜையில் இந்தக் கடிதத்தை வாசித்துக்காட்டுவது, இரண்டும் வேண்டாம். இரவில் உங்கள் போன் வெளியே போனாலே அவர்கள் கவனிப்பார்கள்.

கடைசிக் கேள்வி, ஞாயிறு பள்ளி. மாய்மாலம் என்பது இல்லாததை இருப்பதாகக் காட்டுவது. ஜெபிக்க முடியவில்லை என்று முகம் தெரியாத ஒருவருக்கு இவ்வளவு வெளிப்படையாக எழுதிய நீங்கள் அந்த ரகம் இல்லை. பாடத்தை விடாதீர்கள். அடுத்த நான்கைந்து வாரங்களுக்குப் பாடத்தை வீடியோ பார்த்துத் தயார் செய்யாமல், வேதத்தில் அந்தப் பகுதியை மூன்று முறை வாசித்துவிட்டு உங்கள் சொந்த வார்த்தையில் பிள்ளைகளுக்குக் கதையாகச் சொல்லிப் பாருங்கள். பிள்ளைகள் நடுவில் கேள்வி கேட்பார்கள், பதில் தெரியாமல் முழிப்பீர்கள். அப்போது போய் உங்கள் போதகரிடம் கேளுங்கள். இரண்டு மாதம் கழித்து எனக்கு எழுதுங்கள். ஏழு நிமிஷம் கூடியதா என்று எழுத வேண்டியதில்லை. அந்தக் கொலைக் காட்சி எப்படி இருக்கிறது, தூக்கம் எப்படி இருக்கிறது, இந்த இரண்டை மட்டும் தவறாமல் எழுதுங்கள்.